ஒரு லீற்றர் தூரம்

மருதமுனையில் ஹாதிக் கை வைத்த பைக்கைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அடைத்த தொண்டையைச் செருமித் திறந்த மாதிரி ஒரு முழக்கம் இருக்கும். அப்படி முழங்கிக்கொண்டு காலையில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போன பைக் றுமைஸுடையது. றுமைஸ் மீன் வியாபாரி. ஹாதிக்கின் அக்கா, அவன் ராத்தா என்று கூப்பிடுகிற றிபாவைக் கலியாணம் முடித்தவன்.

ஹாதிக் கை வைப்பதற்கு முன்னால் அது ஒரு சாதாரண நூறு சிசி பைக். சாய்ந்தமருதில் பிறந்த றுமைஸ், எங்கள் பக்கத்து வழக்கப்படி பொண்டாட்டி வீட்டுக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தது அதைத்தான். பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, ஐஸ் தாங்குகிற றெஜிபோம் பெட்டியை அதில் இறுக்கிக் கட்டி, பக்கத்தில் தராசைத் தொங்கவிட்டிருப்பான். விடியற்காலைச் சுபஹுத் தொழுத கையோடு சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போவான். கரைவலையில் கீரி மீன் விழுந்திருந்தால் கீரி, பாரைக்குட்டி கிடைத்தால் பாரைக்குட்டி, போட்டுக்காரர் சூரை கொண்டுவந்திருந்தால் அதிலும் இரண்டு. எடுத்ததை ஐஸ் தூளுக்குள் புதைத்துக்கொண்டு காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறைக்கூடாக வயல்வெளியைக் கடந்து வரிப்பத்தான்சேனைக்குப் போய்ச் சேருவான்.

வரிப்பத்தான்சேனை வெள்ளாமைக்காரர்களின் ஊர். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் கடல் மீன் இல்லாமல் அந்த ஊருக்குச் சோறு இறங்காது. வயலுக்குப் போகிறவர்களுக்கு சோற்றுக்குக் குழம்பாக ஆணம் காய்ச்சுகிற நேரத்துக்குள் மீன் வந்தாக வேண்டும். முதலில் ஹோன் அடிக்கிறவனைத் தேடிப் பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள். இரண்டாவதாகப் போகிறவனிடம் விலை பேசுவார்கள். மூன்றாவதாகப் போகிறவனுக்கு, "இண்டைக்கு வாங்கியாச்சு தம்பி" என்று வேலிக்குள்ளிருந்தே பதில் வரும். றுமைஸ் பெரும்பாலும் மூன்றாவது ஆளாகத்தான் போனான்.

முதல் ஆள் காரைதீவுத் தர்மிகன். வயதில் இளையவன். பைக் புதிது. வீடும் சந்திக்குப் பக்கத்தில். அவனோடு றுமைஸுக்குக் கோபதாபம் ஒன்றும் கிடையாது. கடற்கரையில் கண்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

ஒருநாள் பாதிப் பெட்டி மீனோடு வீடு திரும்பினான் றுமைஸ். றிபா முன்னறையில் தறியில் இருந்தாள். ஆம்பிளைகள் உடுக்கிற சாரன் நெய்கிற தறி. அவள் நெய்யும்போது சுவரில் மாட்டியிருக்கிற கலண்டர் ஆடும். அவன் பெட்டியை இறக்கிய சத்தத்திலிருந்தே அதில் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"உப்பு இரிக்கா?" என்று கேட்டான்.

"இரிக்கி. நேத்துப் போட்ட கருவாடே இன்னம் காயல்ல," என்றாள் அவள், நாடாவை விடாமல். "எல்லாத்தையும் கருவாடாக்கினா நாமளும் கருவாட்டுக்காரர்தான்."

அன்று ஹாதிக் பகல் சோற்றுக்கு வந்திருந்தான். கல்முனையில் ஒரு கராஜில் வேலை. இஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். பைக் ஒன்று ஒழுங்கையால் போனால், சாப்பிடுகிற கை நிற்கும். "வால்வு அடிக்கிது," என்று தனக்குள் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் எடுப்பான்.

"மச்சான், நான் ஒண்டு சொல்லட்டா?" என்றான் அவன். "ஒங்கட இஞ்சின் நல்லம். ஆனா மூச்சு உட ஏலாமக் கெடக்கு. சிலிண்டர் போரப் பெரிசாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவம். காபரேட்டரும் பெரிசு. சைலன்சருக்குள்ள இரிக்கிற அடைப்ப எடுத்து உடுவம். செயின் ஓடுற முன் சில்லுப் பல்லிலயும் ஒண்டு கூட்டினா, நம்மட தட்ட நிலத்துக்கு நல்லா இழுத்துப் போகும்."

"பெற்றோல் குடிக்காதா தம்பி?" றிபாதான் கேட்டாள்.

"கொஞ்சம் கூடக் குடிக்கும் ராத்தா. பெரிய வயிறெண்டா சாப்பாடும் கூடத்தானே."

"இஞ்சின் தாங்குமா?"

"நான் செஞ்சா தாங்கும்."

அதை அவன் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன் செய்ததைப் பார்த்தவர்கள் நம்பித்தான் இருப்பார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை விடுமுறையை இதற்கென்றே எடுத்து, வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்து, இஞ்சினைக் கழற்றிப் போட்டான். கழற்றின ஒவ்வொரு ஆணியையும் எந்தத் துவாரத்திலிருந்து வந்ததோ அந்த ஒழுங்கிலேயே ஒரு மட்டையில் குத்தி வைத்தான். சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய்க் குடைந்து எடுப்பித்தான். பெரிய பிஸ்டனை உள்ளே இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மட்டும் தடவிப் பார்த்தான். தொழுகைக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எயார் பில்டர் பெட்டி பெரிய காபரேட்டருக்கு இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, சின்னதாக ஒரு கம்பி வலைக் குல்லாவை மாட்டிவிட்டான்.

முதல் உதையிலேயே இஞ்சின் பிடித்தது. அந்த முழக்கத்தில் கோழிகள் வேலிக்கு அடியால் பாய்ந்தன. றுமைஸின் மகள் அப்னா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி றுமைஸ் கதைக்கும்போது இப்போதும் முகம் மாறும். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறையைத் தாண்டினால் வயல்வெளி. இரண்டு பக்கமும் பச்சை. வாய்க்கால் தண்ணீர் மேல் வருகிற குளிர்காற்று. அந்த நீட்டு றோட்டில் கையைத் திருகினால் பைக் கீழே தாழ்ந்து பாயும். தர்மிகனை எட்டிப் பிடிக்கிற இடம் தெரிந்துவிட்டது. ஒரு ஹோன், ஒரு முழக்கம், அவ்வளவுதான். பின்னால் பார்த்தால் அவன் சின்னதாகிக்கொண்டு வருவான்.

வரிப்பத்தான்சேனையில் நபீஸா என்று ஒரு பெண். வயலும் மாடும் உள்ள வீடு, வாய் கொஞ்சம் பெரிசு. அவள்தான் முதல் சட்டியோடு வருவாள்.

"தம்பி, ஒண்ட பைக் சம்மாந்துறையில வரக்குள்ளயே எங்களுக்குக் கேக்குது. அதக் கேட்டுத்தான் நான் தேங்கா துருவுற."

"அப்ப நான் ஹோன் அடிக்கத் தேவல்லையே ராத்தா."

"தேவல்ல. மாடுதான் வெருளுது. அதுக்கு என்ன செய்வாய்?"

மீன் துடிப்போடு போய்ச் சேர்ந்தது. பெட்டி காலியாகத் திரும்பியது. வீட்டில் கருவாடு போடுகிற வேலை நின்றது. வீட்டுக்கென்று நல்ல மீன் ஒன்றை எடுத்து வைக்கிற பழக்கம் வந்தது. பாரைக்குட்டி வாங்கின நாட்களில் றிபா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற ஆணத்தின் மணம் எங்கள் வீடு வரைக்கும் வரும். ஹாதிக்கைத் தெரியாத மீன்காரர் கடற்கரையில் இல்லை.

பெற்றோல் கூடுதலாகப் போவது றுமைஸுக்கு முதல் கிழமையிலேயே விளங்கிவிட்டது. முந்தி லீற்றருக்கு அறுபது கிலோமீற்றரைத் தொட்டுக்கொண்டு ஓடிய பைக், இப்போது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. கொஞ்ச மாதம் போக, ஒயிலும் குறையத் தொடங்கியது. பிறகு சைலன்சரில் நீலப் புகை. அவன் ஹாதிக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் பழையபடி மாற்றிவிடுவானோ என்ற பயம். ஒயில் போத்தல் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்து, போகிற வழியில் ஊற்றிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பெற்றோல் செட்டுக்கு முன்னால் தொடங்கிய வரிசை பள்ளிவாசலையும் சந்தையையும் தாண்டிப் போய் நின்றது. ஆட்கள் வரிசையிலேயே சோறு தின்றார்கள், வரிசையிலேயே தொழுதார்கள். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. ஒரு பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்.

நாலு லீற்றரில் றுமைஸின் பைக் வரிப்பத்தான்சேனைக்கு இரண்டு தரம் போய்வரும். மற்றப் பைக்குகள் அதே நாலு லீற்றரில் கிழமையின் பெரும்பகுதியை ஓட்டின. ஊரில் ஆக வேகமான பைக் மாமரத்துக்குக் கீழே சும்மா நின்றது.

அப்போது கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கிலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. நூலும் கிடைக்காமல் றிபாவின் தறியும் பாதி நாள் நின்றது. ஒரு பகல், பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தார்கள்.

"இஞ்ச பாருங்க, தம்பிட்டச் சொல்லிப் பழையபடி செய்வம்," என்றாள் றிபா.

"கொஞ்சம் பொறு. பெற்றோல் வரும்."

"எப்ப?"

"வரும் புள்ள."

"வந்தாலும் ஒயிலும் வேணுமே. அந்தப் போத்தலும் முடியப் போகுது."

றுமைஸ் பாணைப் பிய்க்காமல் அவளைப் பார்த்தான்.

"தராசத் தொடைக்கக்குள்ள கண்டன்," என்றாள். "ஒங்கட சட்ட முதுகெல்லாம் புகை. கழுவுற நான்தானே. எனக்குத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்த."

"சொன்னா கழட்டச் சொல்லுவாய்."

"ஓம். சொல்லுவன்."

அவன் பாணைத் திரும்பத் தட்டில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஒனக்கு இது விளங்காது றிபா. பள்ளிக்கூடத்திலயும் நான் முன்னுக்கு வரல்ல. கடலுக்குப் போன காலத்திலயும் எனக்கு வல போட இடம் கிடைச்சது எல்லாருக்கும் பொறகுதான். இந்தப் பைக்லதான் நான் ஒரு இடத்துக்கு முதல் ஆளாப் போயிரிக்கன். சட்டிய எடுத்துக்கிட்டு என்னத் தேடி ஓடி வாறாக. அத எப்பிடிக் கழட்டுற?"

றிபா எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். "எனக்கு விளங்குது," என்றாள். "ஆனா கிழமையில ரெண்டு நாளைக்கு முதல் ஆளாப் போய், மத்த நாளெல்லாம் மாமரத்துக்குக் கீழ இரிக்கிறீங்களே. அதுதான் எனக்குப் பாக்க ஏலாமக் கெடக்கு."

அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினான். மறுநாள் பெற்றோல் இருந்தது. அவன் போனான்.

சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டுமெசின்கள் வயலுக்குள் ஓட, தூசும் பதரும் எழும்பி றோட்டை மூடின. கச்சான் அதை அள்ளி முகத்தில் அடித்தது. றுமைஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையைத் திருகினான். சம்மாந்துறையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்பான். இஞ்சினுக்குள் ஒரு கிறீச்சல் கேட்டது. பின்சில்லு இறுகி, பைக் வாலை ஆட்டிக்கொண்டு றோட்டின் கரைக்கு இழுத்துப் போய் நின்றது. அவன் விழாமல் தப்பியது அல்லாஹ்வின் காவல்தான். கிக்கரை மிதித்தான். கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

நிழல் என்று ஒன்றுமில்லை. பெட்டியின் மூலையால் ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. உள்ளே கீரி மீன். சூடு பட்டால் வயிறு வெடிக்கிற சாதி.

பின்னால் ஒரு பைக் வந்தது. தர்மிகன். றுமைஸ் தலையைத் திருப்பிக்கொண்டு இஞ்சினைக் கிண்டுவதுபோலக் குனிந்தான். எத்தனை நாள் ஹோன் அடித்து அவனை முந்திப் போயிருக்கிறான்! அவனும் இன்றைக்கு ஒரு ஹோன் அடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தான். பைக் நின்றது.

"என்ன நானா, நிண்டுட்டா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டான் தர்மிகன்.

"இறுகிப் போச்சு தம்பி. கிக்கர் எறங்குதில்ல."

தர்மிகன் இறங்கி வந்து இஞ்சினைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தான். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டான்.

"ஐஸ் முடியப் போகுது. கயித்த அவிழுங்க. இத நான் கொண்டு போறன்."

"ஒண்ட பெட்டியே நிறைய இரிக்கே."

"என்ட பெட்டிக்கு மேல வெச்சுக் கட்டுவம். மெதுவாப் போனாச் சரி."

"ரெண்டு பெட்டியும் விக்க ஏலுமா, தம்பி? ஒண்ட மீன் மிஞ்சினா?"

"மிஞ்சினா மிஞ்சட்டும். என்ட மீன் நல்ல ஐஸுக்குள்ள இரிக்கு, பின்னேரம் வரைக்கும் தாங்கும். ஒங்கட தாங்காது. பிடிங்க அந்தப் பக்கம்."

இரண்டு பெட்டியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கட்டினார்கள். பைக் பின்பக்கம் தாழ்ந்து, ஆடி ஆடிப் போனது. அவன் தூசுக்குள் மறையும் வரைக்கும் றுமைஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு நடந்ததை நபீஸாதான் பின்னாளில் அவனுக்குச் சொன்னாள். "அந்தக் காரதீவுப் பொடியன் வந்து ஹோன் அடிச்சான். நாங்க போனா, 'முதல்ல மேல் பெட்டிய எடுங்க, இது றுமைஸ் நானாட மீன், அவர் வழியில நிண்டுட்டார்' எண்டான். ஒண்ட பெட்டி முடியும் மட்டும் அவண்ட பெட்டியத் தொறக்கவே இல்ல, தெரியுமா? எங்களுக்கெல்லாம் கண் கலங்கிப் போச்சி. மறுகா அவண்ட மீனையும் நாங்க உடல்ல. கறிக்குத் தேவல்லாதவகளும் வாங்கினாக."

வைக்கோல் ஏற்றிப் போன உழவு இயந்திரம் ஒன்றில் பைக்கையும் ஏற்றிக்கொண்டு காரைதீவு வரைக்கும் வந்து, அங்கிருந்து தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான் றுமைஸ். ஹாதிக் கராஜில் சொல்லிவிட்டு ஓடி வந்தான். மாமரத்துக்குக் கீழே திரும்பவும் சாக்கு விரிந்தது. இந்த முறை ஒருவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

சிலிண்டரைக் கழற்றி ஹாதிக் வெயிலுக்குப் பிடித்தான். கண்ணாடிபோல இருக்க வேண்டிய உட்சுவர் முழுக்க நீளக் கோடுகள், நகத்தால் பிறாண்டின மாதிரி. பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி ஒட்டியிருந்தது. காற்றுப் போகிற வழிக்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் மா மாதிரித் தூசு.

அவன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லு தம்பி," என்றாள் றிபா.

"பிஸ்டனப் பெரிசாக்கினா சூடு கூடும். பெற்றோல் கூடக் குடிக்கும். சிலிண்டர்ர சுவரும் மெல்லிசு. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சன், ராத்தா. அதோட ஓடியிரிக்கும், கொஞ்சக் காலம் கொறஞ்சாலும் ஓடியிரிக்கும்." அவன் விரலைச் சாக்கில் துடைத்தான். "இது நான் யோசிக்காத. பில்டர் பெட்டியக் கழட்டிப் போட்டுட்டு வலைக் குல்லா போட்டன். கடற்கர மணலும் வயல் தூசும் அவ்வளவும் உள்ளுக்குப் போயிரிக்கி. ஒயிலோட சேந்து அரம் மாதிரி அராவியிரிக்கி. மச்சான் நாளாந்தம் எங்க போறாரெண்டு தெரிஞ்சிரிந்தும் நான் யோசிக்கல்ல. கொழும்பில றேஸ் ஓடுறவனுக்குச் செய்யிற வேலைய மீன்காரனுக்குச் செஞ்சிட்டன்."

"அப்பிடிச் சொல்லாத," என்றான் றுமைஸ். "ஒயில் குடிக்கிறத நான் ஒனக்கிட்ட மறைச்சன். நீலப் புகை கண்ட அண்டைக்கே சொல்லியிரிந்தா பிஸ்டன் றிங் மாத்துறதோட போயிரிக்கும். மத்தது, நான் திருகின திருகல் கொஞ்சமா?"

மச்சான்மார் இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் குற்றத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்து றிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் பிறகு சண்ட பிடிங்க. இத எப்பிடி எழுப்புற? அதச் சொல்லுங்க," என்றாள்.

எழுப்புவது லேசாக இருக்கவில்லை. பழைய அளவுச் சிலிண்டர் எந்தக் கடையிலும் இல்லை. சாமான் வந்து இறங்கி மாதக் கணக்காகிவிட்டது. ஹாதிக் கல்முனையில் ஏறி இறங்காத கடை இல்லை. அக்கரைப்பற்றில் விபத்தில் உடைந்த பைக் ஒன்று கிடக்கிறது, இஞ்சினில் அடி இல்லை என்று ஒருவர் சொல்ல, மிதிசைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சான் காற்றுக்குள் போனான். போய் அதன் சிலிண்டரைக் கழற்றி, பழைய சாரனில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, திரும்பவும் மிதித்து வந்து சேர்ந்தான். வந்தவனின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர்கூடக் கேட்காமல், சாரனை அவிழ்த்து, "ராத்தா, இதப் பாரு, சுவர் எவ்வளவு சுத்தம்," என்றான்.

அந்த நாட்களில் றுமைஸ் சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த தர்மிகனிடம் அவனே கேட்டான்.

"தம்பி, என்ட பைக் ஓடாது. ஆனா அதுக்கு வாற நாலு லீற்றர் இரிக்கி. ரெண்டு பேர்ர பெற்றோலையும் ஒண்ட பைக்ல ஊத்தி, ரெண்டு பெட்டியோட சேந்து போவமா?"

"நானும் அதத்தான் கேப்பம் எண்டு வந்த நான்," என்றான் தர்மிகன். "கேட்டா நீங்க என்ன நினைப்பீங்களோ எண்டு பாத்தன்."

ஓடாத பைக்குக்குப் பெற்றோல் எடுக்கப் போனதை ஊர் கனநாள் சொல்லிச் சிரித்தது. ஹாதிக் இஞ்சின் இல்லாத வெற்றுச் சட்டத்தில் பெற்றோல் தாங்கியைப் பொருத்திக் கொடுக்க, றுமைஸ் அதில் ஏறி இருந்தான். தர்மிகன் தன் பைக்கில் பக்கத்தில் வந்து, ஒரு காலால் அதன் மிதியைத் தள்ளிக்கொண்டே செட் வரைக்கும் கொண்டுபோனான். பெற்றோல் அடிக்கிறவர் கியூஆரைப் பார்த்துவிட்டு, கீழே குனிந்து இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"இது எதில ஓடுது?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு இவர்ர காலில ஓடுது," என்று றுமைஸ் தர்மிகனைக் காட்டினான். வரிசையே சிரித்தது. பெற்றோல் அடித்துவிட்டார்.

அப்படி ஒரு பைக்கில் இரண்டு பேரும் போய்வந்த நாட்களில்தான் முந்திப் போவது எவ்வளவு வீண் வேலை என்று றுமைஸுக்குத் தெரிந்தது. ஒருவன் வரிப்பத்தான்சேனையின் மேல் ஒழுங்கைகளுக்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போக, மற்றவன் கீழ் ஒழுங்கைகளுக்குப் போனான். முந்தி ஒருவரும் எட்டிப் பார்க்காத வாய்க்கால் கரை வீடுகளுக்கும் மீன் போனது. இரண்டு பெட்டியும் முடிந்தன. திரும்பி வரும்போது தர்மிகன் கையை மெதுவாகத்தான் திருகுவான். றுமைஸ் பின்னால் இருந்து வயலைப் பார்த்துக்கொண்டு வருவான். பைக் ஓட்டத் தொடங்கின நாளிலிருந்து அந்த வயலை அவன் இப்படிப் பார்த்ததில்லை.

பைக் எழும்பிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பழைய அளவுச் சிலிண்டர், பழைய பிஸ்டன். பழைய காபரேட்டரை மண்ணெண்ணெயில் போட்டுத் துவாரம் துவாரமாக ஊதிச் சுத்தம் பண்ணியிருந்தான் ஹாதிக். கழற்றி வைத்த எயார் பில்டர் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, புது ஸ்பொஞ்சு போட்டு இறுக்கிப் பூட்டினான். சைலன்சருக்கும் அடைப்பைத் திரும்ப வைத்தான். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. செயின் முன்சில்லில் கூட்டிய அந்த ஒரு பல்லு.

"இது நல்ல மாத்தம் மச்சான். நம்மட பக்கம் ஏத்தம் எறக்கம் இல்லத்தானே. இஞ்சின் கத்தாமலே தூரம் போகும். செஞ்சதெல்லாம் பிழையில்ல," என்றான். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது ஒருதரம் ராத்தாவைப் பார்த்துக்கொண்டான்.

இஞ்சின் பிடித்தது. தையல் மெசின் ஓடுகிற மாதிரி மெல்லிய சத்தம். அப்னா, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

தாங்கியை முழுக்க வடித்துவிட்டு, அளந்து ஒரு லீற்றரைப் போத்தலில் ஊற்றி, அதைக் கைப்பிடியில் தலைகீழாகக் கட்டி, சேலைன் குழாயால் காபரேட்டருக்குக் கொடுத்தான் ஹாதிக். "அக்கரைப்பற்றுக்குப் போற றோட்டப் பிடிங்க. பெரிய பிஸ்டனோடயெண்டா அக்கரைப்பற்றோட நிண்டிரும். இப்ப எங்க நிக்கிதெண்டு பாப்பம். நான் பின்னால இரிக்கன், பாரம் வேணும்."

"ஒண்ட எடைக்கு மீன் பெட்டி வராது. நான் போறன்," என்றாள் றிபா.

"நீயா?" என்றான் றுமைஸ்.

"ஏன், மீன் மட்டும்தான் இதில போறதா? பெட்டி கட்டினதிலரிந்து நான் இதில ஏறல்ல." அவள் உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். பெட்டி கழற்றிய சட்டத்தில் ஒரு தலையணையை வைத்துக் கட்டி ஏறி இருந்தாள்.

கல்முனைச் சந்தை, சாய்ந்தமருது, காரைதீவு. சந்தியில் தர்மிகன் கையைக் காட்டினான். நிந்தவூரில் காற்று கொஞ்சம் தணிந்தது. ஒலுவில் தாண்டுகிற போது இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். இஞ்சின் கத்தாததால் கதைக்க முடிந்தது.

"இனி எப்பிடி?" என்று கேட்டாள் றிபா.

"தர்மிகனோட பேசியாச்சு. ஒருநாள் அவன் வரிப்பத்தான்சேனை, நான் இறக்காமப் பக்கம். அடுத்த நாள் மாறிப் போவம். மீன் கூட விழுந்த நாளையில சேந்து போவம்."

"ஒங்களுக்கு மனசு சரியா?"

அவன் றோட்டில் இருந்த ஒரு குழியை விலக்கி ஓட்டினான். "சரி," என்றான். "பொய் சொல்லல்ல. அந்தச் சத்தம் இடைக்கிட ஞாபகம் வரும்தான்."

அக்கரைப்பற்றுச் சந்தி வந்தது. நிற்கவில்லை. சந்தியைச் சுற்றி வந்த வழியே திருப்பினான். றிபா அவன் தோளுக்கு மேலால் எட்டிப் போத்தலைப் பார்த்தாள். பாதிக்குக் கிட்டத்தட்ட இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்ற மாதிரி இருந்தார்கள். நிந்தவூர் போனது. காரைதீவு போனது. சாய்ந்தமருதில் பெற்றோல் போத்தலின் கழுத்துக்கு இறங்கியது. "கல்முனையோட சரி," என்றான் றுமைஸ். கல்முனையும் போனது. பாண்டிருப்பில், வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்க, இஞ்சின் இரண்டு தரம் விக்கி ஓய்ந்தது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். அவன் கைப்பிடியைப் பிடிக்க, அவள் பின்னால் தள்ளினாள். கடை வாசலில் இருந்த ஒரு மனிசன் எழும்பி வந்தார்.

"என்ன நானா, பழுதா? ஆரையும் கூப்பிடட்டா?"

"இல்லண்ணன்," என்றான் றுமைஸ். வாயெல்லாம் சிரிப்பு. "நல்லா இரிக்கு. இதவிட நல்லா இரிக்க ஏலா."

அந்த மனிசன் பைக்கையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருதமுனை எல்லையில், வீட்டில் இருக்கப் பொறுக்காமல் ஹாதிக் நடந்து வந்துகொண்டிருந்தான். தூரத்தில் அவர்கள் தள்ளி வருவதைக் கண்டதும் அவன் நடை நின்றது. முகம் செத்துப் போனது. றிபா பின்னாலிருந்து கையை உயர்த்திச் சத்தம் போட்டாள்.

"தம்பி! அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பி, பாண்டிருப்பிலதான் நிண்ட!"

அவனுக்கு அது உள்ளே போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்படியே றோட்டுக் கரையில் குந்தி, ஒயில் கறுத்த இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு எழும்பி ஓடி வந்து, றுமைஸின் கையிலிருந்து பைக்கை வாங்கித் தானே தள்ளத் தொடங்கினான்.